மார்கழிக் காலையில் காரைச் சூடேற்ற வேண்டுமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மார்கழி பிறந்துவிட்டால் என் மாமனார் காலையில் காரை ஸ்டார்ட் செய்து, பனி இறங்காமல் இருக்க ஷெட் கதவையும் சாத்திவிட்டு, பத்து நிமிடம் ஓட விடுகிறார். இது தேவைதானா?" தேவையில்லை. கதவைச் சாத்துவதோ உயிருக்கே ஆபத்து.

பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் ஒழுங்காக எரியும். நம் பக்கத்து மார்கழி விடியலில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்குகிறது. எஞ்சின் இயல்பாக வேலை செய்வதோ 90 டிகிரியை ஒட்டி. குளிர்ந்த உலோகத்தில் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் படிந்துவிடுவதால், ஈடுகட்டக் கூடுதலாகத் தெளிக்க வேண்டியிருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் ஓட்டுநரே சோக்கை இழுத்து, காற்றைக் குறைத்து இதைச் செய்தார். எஞ்சின் சூடாகும்வரை காத்திருக்கும் வழக்கம் அப்போது வந்ததுதான். இன்றைய கார்களில் அந்த வேலையைக் கணினி பார்த்துக்கொள்கிறது.

கணினிக்கு அளவு எப்படித் தெரிகிறது என்பதில்தான் அழகே இருக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். புகை வெளியேறும் குழாயில் விரல் பருமனுக்கு ஓர் ஆக்சிஜன் சென்சார் திருகப்பட்டிருக்கிறது. பரவலாகப் பயன்படும் வகையில், அதனுள்ளே இருப்பது சிர்க்கோனியம் ஆக்சைடில் சிறிது இட்ரியம் ஆக்சைடு கலந்து சுட்ட பீங்கான் குப்பி. அதன் இருபுறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. உட்புறத்தில் வெளிக்காற்று, வெளிப்புறத்தில் புகை. சிர்க்கோனியத்தின் இடத்தில் இட்ரியம் அமரும்போது, படிகத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய சில இடங்கள் காலியாகிவிடுகின்றன. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானதும், பேருந்தில் ஜன்னலோர இருக்கை காலியானால் பக்கத்தில் இருப்பவர் நகர, அவர் விட்ட இடத்தில் நிற்பவர் அமர்வதுபோல, ஆக்சிஜன் அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) அந்தக் காலி இடங்கள் வழியே நகரத் தொடங்குகின்றன. ஆக்சிஜன் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அவை செல்ல முனைவதால் மின்னழுத்தம் பிறக்கிறது. பெட்ரோல் அதிகமென்றால் சுமார் 0.9 வோல்ட், காற்று அதிகமென்றால் சுமார் 0.1 வோல்ட்; சரியான விகிதத்தைத் தாண்டும் இடத்தில் செங்குத்தாக ஒரு தாவல். அந்தத் தாவலைப் பார்த்தே கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாமல் புகையை அளக்கும் மின்கலம் இது!

இதே வகைப் பீங்கானை 1890களில் ஜெர்மன் வேதியியலாளர் வால்டர் நெர்ன்ஸ்ட் விளக்கு எரிக்கப் பயன்படுத்தினார். வால்வோ காரில் அது சென்சாராக வந்தது 1976இல். இப்படி வேதியியலும் மின்சாரமும் சேரும் துறைதான் மின்வேதியியல். "மின்வேதியியல் ஆராய்ச்சியால் ஊருக்கு என்ன லாபம்?" என்று காரைக்குடியிலேயே கேட்பவர்கள் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் இங்கே அமைந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953இல் திறக்கப்பட்டது. இத்தகைய ஆராய்ச்சிக்கு அடுத்த ஆண்டே பலன் கேட்டு நிதியைச் சுருக்குவது அறிவீனம் என்பதே என் கருத்து.

சரி, குளிர்ந்த காலையில் என்ன நடக்கிறது? சென்சார் சூடாகும்வரை வாய் திறப்பதில்லை. அதற்குள்ளேயே சிறு ஹீட்டர் இருப்பதால் விரைவில் தயாராகிவிடும் என்றாலும், அதுவரை கணினி மனப்பாடக் கணக்கில் பெட்ரோலைத் தாராளமாகவே தெளிக்கிறது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஏறத்தாழ 250 டிகிரியைத் தாண்டாமல் சரிவர வேலை செய்யாது. ஆகவே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு மிகுதியாக வெளிவருவது அந்த முதல் சில நிமிடங்களில்தான். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. தலைவலியும் குமட்டலும் மயக்கமும் வரும்போது, தூக்கம் போதவில்லை என்றே பலரும் எண்ணிவிடுகிறார்கள். கதவைத் திறந்து வைத்தாலும் ஷெட்டுக்குள் ஓட விடுவது நல்லதல்ல. கல்யாண வீட்டுக்கு வந்த ஓட்டுநர்கள், ஏசியைப் போட்டுக்கொண்டு நிற்கும் காரில் உறங்குவதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

நின்றபடி ஓடும் எஞ்சினுக்கு வேலை குறைவு என்பதால் சூடும் மெதுவாகவே ஏறும். ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு அணைந்து, அரை நிமிடம் ஆனதும் கிளம்பிவிடலாம். முதல் சில கிலோமீட்டருக்கு ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் ஓட்டினால் எஞ்சினும் கன்வெர்ட்டரும் விரைவாகச் சூடாகும்.

சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பவர்களின் காரை, வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட விடுவது இங்கே சாதாரணம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். சைலன்சர் நுனியில் சொட்டுவது அதுதான். ஐந்து நிமிடச் சூட்டில் அது முழுதாக வெளியேறாமல் சைலன்சருக்குள் தேங்கித் துருவேற்றுகிறது, ஒரு பங்கு ஆயிலிலும் கலக்கிறது. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூடப் பேட்டரிக்கு முழுதாகத் திரும்பாமல் போகலாம். காரைக்குடியில் இருக்கும் காரென்றால் அதைப் பிள்ளையார்பட்டி வரை ஒருமுறை ஓட்டிவரச் சொல்லலாம். ஓட்ட ஆளில்லையென்றால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காரை ஸ்டார்ட் செய்யாமலே விடுவது மேல்.