சித்திரை வெயிலில் கொல்லைச் செடி ஏன் தொங்குகிறது?

சம்பா, தாளடி அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்த பிறகு, டெல்டாவில் பச்சை தங்கியிருப்பது பெரும்பாலும் கொல்லையில்தான். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறக்கும். இடைப்பட்ட நாலரை மாதமும் வாய்க்கால் காய்ந்து கிடக்க, கத்தரியும் வெண்டையும் மிளகாயும் போர் தண்ணீரையோ அடிபம்பையோ நம்பி நிற்கின்றன. கத்திரி வெயிலில் மத்தியானம் ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தால் அத்தனையும் இலையைத் தொங்கப்போட்டிருக்கும். கை தானாகக் குடத்தைத் தேடும். கொஞ்சம் பொறுக்கலாம். இலை தொங்குவதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள் உண்டு. அதில் ஒன்றுக்குத்தான் தண்ணீர் வேண்டும். இன்னொன்று தண்ணீராலேயே வருவது.

முதலில் மத்தியானத் தொங்கலைப் பார்ப்போம். இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் நிறைய இருக்கின்றன. கரியமில வாயு உள்ளே போவதும் நீராவி வெளியே வருவதும் அதே வழியில்தான். வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கும் மேல் இப்படி ஆவியாகிவிடுகிறது. இது வீண் செலவு இல்லை. மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான் இலையும் குளிர்கிறது: ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும், அதன் பெரும்பங்கு இலையிலிருந்தே போகிறது. கோடையில் செடி நிறைந்த பாத்தியிலிருந்து ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் தண்ணீர் போவது சாதாரணம். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆக, ஒரு சென்ட் கொல்லைக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர்!

உச்சி வெயிலில் இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை, மண்ணில் ஈரம் இருந்தாலும்கூட. செல்களின் விறைப்பு குறைகிறது, இலை தளர்கிறது. தளர்ந்து சாய்ந்த இலையில் நேர் வெயில் குறைவாகவே விழும் என்பதால் செடிக்கு அதிலும் ஒரு லாபம் உண்டு. பொழுது சாய்ந்தால் நிமிர்ந்துவிடும். அதனால் செடியைப் பார்க்க வேண்டிய நேரம் காலை ஆறு மணி. “விடியக்காலையிலும் தொங்குனாத்தான் தம்பி அதுக்குத் தாகம்” என்று கொல்லையிலேயே பழகிய பெரியம்மாக்கள் சொல்வது, மழைத் தண்ணீர் தேங்காத வரை, முழுக்கச் சரி.

இரண்டாவது தொங்கலுக்கு வருவோம். காலையிலும் தொங்குகிறது, ஆனால் மண்ணைத் தொட்டால் ஈரமாக இருக்கிறது. இது எப்படி? இங்கேதான் டெல்டாவின் களிமண் தன் குணத்தைக் காட்டுகிறது. பழைய டெல்டாவின் களியில் மாண்ட்மோரில்லோனைட் வகைக் கனிமம் அதிகம். அது மிக மெல்லிய தகடுகளின் அடுக்கு. தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், வெளியேறினால் சுருங்கி வெடிக்கும். அந்தத் தகடுகள் தண்ணீரை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வதால், செடி வாடிப்போகும் கட்டத்திலும் களிமண்ணின் கன அளவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீராகவே இருக்கும். இருக்கும், ஆனால் வேருக்குக் கிடைக்காது. தண்ணீர் வேண்டிய தொங்கல் இதுதான். கொள்ளிடம் படுகையின் மணற்பாங்கான மண்ணில் நிலைமை வேறு: பிடிப்பு குறைவு, தேக்கமும் குறைவு. அங்கே கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்ற வேண்டும். களியில் இடைவெளி விட்டு, ஆழ நனையும்படி பாய்ச்ச வேண்டும்.

வெடிப்பு விழ விடுவதுதான் பெரிய நஷ்டம். அது வேரை அறுக்கும், ஆழத்து ஈரத்தையும் காற்றுக்குத் திறந்துவிடும். களைக்கொத்தால் மேல்மண்ணை இரண்டு விரல்கடை ஆழம் கிளறிவிட்டால் பொலபொலத்த புழுதி வெடிப்பை மூடும், கீழிருந்து ஈரம் மேலேறும் நுண்வழிகளும் அறுபடும். அதன் மேல் வைக்கோலோ வாழைச்சருகோ ஒரு சாண் கனத்துக்குப் போட்டால் வெயிலும் காற்றும் மண்ணைத் தொடாது. வைக்கோல் இவ்வளவு கிடைக்கும் ஊரில் பாத்தியை வெறுமையாக விடுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

தக்காளிக்கு மட்டும் தண்ணீரும் மூடாக்கும் போதாது. பூங்காம்பை உற்றுப் பாருங்கள், நடுவில் ஒரு சின்ன முட்டி தெரியும். முதலில் அது மஞ்சளாகும், மறுநாள் விரல் பட்டாலே அந்த இடத்தில் பூ ஒடிந்து விழும். பகலில் 35 டிகிரியும் இரவில் 24 டிகிரியும் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழக்கிறது, கரு கூடாத பூவைச் செடி கழித்துவிடுகிறது. மே மாதத்தில் நம் இரவுகளே 27 டிகிரியை ஒட்டி நிற்பதால், மருந்துக்கடையில் எதை வாங்கி அடித்தாலும் பெரிதாகப் பலன் இருக்காது. இந்தப் பருவத்துக்கு ஏற்றது தண்டுக்கீரை. கரும்பு, சோளம் போல அதுவும் கரியமில வாயுவைச் செறிவாக்கிப் பயன்படுத்தும் வகை, அதனால் கொளுத்தும் வெயிலிலும் தளதளவென்று வளரும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் மேற்கு வெயிலை மறைக்கக் கீற்றோ அகத்தி வரிசையோ போதும். அவை முழு வெயிலில் பாதியைக்கூடப் பயன்படுத்துவதில்லை.

அப்புறம் கோடை மழை. பிற்பகலில் கடல்காற்று உள்நாட்டின் கொதிக்கும் காற்றோடு முட்டும் இடத்தில் ஈரக்காற்று மளமளவென்று உயர்ந்து இடிமேகமாகிறது. மேகத்திலிருந்து விழும் துளிகளில் கொஞ்சம் வழியிலேயே ஆவியாக, சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனத்து இறங்கித் தரையில் நாலாபுறமும் பரவுகிறது. மழைக்கு முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும் காற்று இதுதான். பந்தல் கால்களையும் வாழை முட்டுகளையும் சித்திரை பிறக்கும்போதே சரிபார்த்துவிட வேண்டும். மேகம் கறுத்த பிறகு நேரம் இருக்காது.

மழை நின்ற மறுநாள் வருவதுதான் மூன்றாவது தொங்கல். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் ஒரு சென்டில் 2,000 லிட்டர் நிற்கும். மண்ணின் இண்டு இடுக்குகளில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. மூச்சு முட்டிய வேர், தண்ணீரிலேயே நின்றாலும் அதை உறிஞ்ச முடியாமல் தவிக்கும். தக்காளியில் இன்னொன்றும் நடக்கும்: வேரில் உருவாகும் ஒரு வேதிப்பொருள் மேலேறி இலையில் எத்திலீன் என்ற வாயுவாக மாறி, காம்பின் மேல்பக்கத்தை மட்டும் அதிகம் நீளச் செய்யும். தொட்டுப் பார்த்தால் இலை விறைப்பாகவே இருக்கும், காம்பு மட்டும் கீழே வளைந்திருக்கும். வாட்டம் என்று நினைத்து இதற்குத் தண்ணீர் ஊற்றினால் செடி போய்விடும். மிளகாய் ஓரிரு நாள் தேக்கத்தையே தாங்காது.

மழை விட்டதும் முதல் வேலை மண்வெட்டியோடு போய்ப் பாத்தியின் தாழ்ந்த மூலையை வெட்டிவிடுவது. தண்ணீர் வடிந்து மண் கையில் ஒட்டாத பதம் வந்ததும், துளிகள் அடித்து இறுகிய மேல் ஓட்டைக் களைக்கொத்தால் உடைத்துவிடுங்கள். அதற்கு முன் பாத்திக்குள் கால் வைத்தால் களி இறுகி, இருக்கிற காற்றும் போய்விடும். மழையில் தழைச்சத்து கரைந்து போயிருக்கும் என்பதால் இலை வெளுப்பது இயல்பு. வேர் தேறி புதுத்தளிர் வந்த பிறகு கொஞ்சம் மண்புழு உரமோ ஆறிய சாணிக் கரைசலோ கொடுத்தால் போதும்.