கேட் கத்தும்போது யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்?

புதிதாக ஒரு கடைக்கு ஆய்வுக்குப் போனால் நான் முதலில் கருவிப்பெட்டியைத் திறப்பதில்லை. வாசலை ஒட்டி அரை மணி நேரம் நிற்பேன். திருட்டுத் தடுப்பு கேட் கத்தும்போது யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்பதைக் கவனிப்பேன். காவலாளி இருந்த இடத்திலிருந்தே கையசைத்து வாடிக்கையாளரை அனுப்பிவிடுகிறார், பில் போடும் பெண் தலையைக்கூடத் திருப்புவதில்லை என்றால், அந்தக் கேட்டுக்கு ஓடுகிற மின்சாரமும் வீண்தான்.

பெங்களூருவில் 17 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். சிவாஜிநகர், கமர்சியல் தெரு, ஜெயநகர், மல்லேஸ்வரம் என்று பல இடங்களில் துணிக்கடைகளுக்கும் சூப்பர்மார்க்கெட்டுகளுக்கும் டேக்குகளும் (சரக்கில் மாட்டும் அல்லது ஒட்டும் திருட்டுத் தடுப்பு வில்லைகள்) கேட்டுகளும் பொருத்தியிருக்கிறேன். நான் வேலூர்ப் பக்கத்துக்காரன் என்பதால் தமிழ் முதலாளிகள் மனம்விட்டுப் பேசுவார்கள். ஏறக்குறைய எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “அண்ணா, எந்த கேட் வாங்கிப் போட்டால் திருட்டு நிற்கும்?”

கேட் திருடனைப் பிடிக்காது. கழற்றப்படாத ஒரு டேக் வாசலைத் தாண்டுகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பொருளை எடுத்துச் செல்பவர் திருடினாரா, அல்லது நம் கவுன்ட்டரில் கழற்ற மறந்தார்களா என்று அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் கடையில் வேலை செய்பவர்கள். அவர்களைத் தயார் செய்யாமல் கேட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

சிக்பேட்டையில் மெத்தை விரித்து உட்கார்ந்து விற்கும் பட்டுக்கடைகளை நினைத்துப் பாருங்கள். புடவை அலமாரியிலிருந்து விற்பவர் கையால் வருகிறது, அவர் கையாலேயே மடிக்கப்பட்டுத் திரும்பிப் போகிறது. எத்தனை புடவை விரித்தோம் என்பது அவர் மனக்கணக்கில் இருக்கும். வாடிக்கையாளரே எடுத்துப் பார்க்கும் முறை வந்தபோதுதான் சரக்குக்கும் விற்பவருக்கும் இடையே தூரம் விழுந்தது. டேக் அந்தத் தூரத்துக்காக வந்தது.

1960களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊரில் ரான் அஸாஃப் என்பவர் ஒரு சூப்பர்மார்க்கெட் மேலாளராக இருந்தார். மதுப் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருவனைத் துரத்தினார், பிடிக்க முடியவில்லை. பிற்காலத்தில் அவர் தொடங்கிய சென்சர்மேட்டிக் நிறுவனம் இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒன்றாயிற்று. அதே காலத்தில் ஆர்தர் மினாசி என்பவரும் இதே வேலையில் இறங்கினார். கடைக்காரர் யாரையும் துரத்தக் கூடாது, யார் சட்டையையும் பிடிக்கக் கூடாது என்ற தேவையிலிருந்து வளர்ந்த கருவி இது. நம் ஊர்க் கடைகளில் அதை நேர்மாறாக, ஆளைப் பிடித்து நிறுத்தும் உரிமைச் சீட்டாக எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது மனம் கசக்கிறது.

இங்கே பரவலாக விற்பவை இரண்டு வகை. ஆர்.எஃப். (ரேடியோ அலை) வகை 8.2 மெகாஹெர்ட்ஸில் இயங்கும். அதன் ஸ்டிக்கரைக் கிழித்துப் பார்த்தால் சுருள் சுருளாக அலுமினியக் கோடு தெரியும். விலை குறைவு, தட்டையாக ஒட்டிக்கொள்ளும், மேலேயே விலைச்சீட்டை அச்சடித்துக்கொள்ளலாம். ஆனால் உலோகத்தின் மேல் ஒட்டினால் பேசாது. நெய் டின், ஈயத்தாள் சுற்றிய சாக்லேட், பால் பவுடர் டப்பா ஆகியவற்றில் இதை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். ஏ.எம். (ஒலி-காந்த) வகை 58 கிலோஹெர்ட்ஸில் இயங்கும். அதன் கூட்டுக்குள் மெல்லிய உலோகப் பட்டை ஒன்று இருக்கும். கேட்டின் அலை பட்டதும் அது அதிர்கிறது. அலை நின்ற பிறகும், அடித்த கோயில் மணி போல ஒரு கணம் ரீங்கரிக்கிறது. அந்த ரீங்காரத்தைத்தான் கேட் அடையாளம் காண்கிறது. அகலமான வாசலுக்கும், உலோகமும் திரவமும் அதிகம் உள்ள சரக்குக்கும் இதுவே மேல். ஒரு வகையின் டேக்கை மற்ற வகையின் கேட் கண்டுகொள்ளாது என்பதால், மலிவாகக் கிடைக்கிறது என்று டேக்குகளை மட்டும் தனியாக வாங்கி ஏமாறாதீர்கள்.

டேக்கை எங்கே மாட்டுவது என்பதில்தான் பெரும்பாலான கடைகள் கோட்டை விடுகின்றன. சட்டைக்கு ஒரு பக்கத் தையல் என்றால் எல்லாச் சட்டைக்கும் அதே இடம், அதே உயரம். பில் போடுபவரின் கை பார்க்காமலேயே அங்கே போக வேண்டும். ஊழியர்கள் ஆளுக்கொரு இடத்தில் குத்தினால் கவுன்ட்டரில் ஒன்றாவது தப்பும். தப்பியது வாசலில் கத்தும். டேக்கின் ஊசி தையலின் மேல் இறங்கினால் துணியில் ஓட்டை தெரியாது. காலர் லேபிளிலோ பொத்தான் துளையிலோ மாட்டினால் திருடுபவருக்கு ஒரு சின்னக் கத்தரிக்கோல் போதும், வேலை முடிந்துவிடும். பட்டுப்புடவை தனிக் கதை. அதன் உடல் பகுதியில் ஊசி குத்தினால் புடவையே பாழ். வெட்டித் தைக்கப்போகும் இரவிக்கைத் துணியின் ஓரத்தில் குத்தச் சொல்வேன், அல்லது கயிறு வைத்த டேக்கைக் குஞ்சத்தின் முடிச்சில் கோக்கச் சொல்வேன். சிக்பேட்டையில் ஒரு பெரியவர், நாற்பது ஆண்டுகளாகப் புடவை மடிப்பவர், எனக்குச் சொல்லிக்கொடுத்த இடம் அந்த இரவிக்கை ஓரம்.

இனி வீண் அலறல்களுக்கு வருகிறேன். என் அனுபவத்தில் திருடர்களைவிட அதிகமான கேட்டுகளைச் செயலிழக்க வைத்தவை இவைதான்.

ஒரு வரமகாலட்சுமி விரதத்துக்கு முந்தைய வாரம், கடையில் காலடி வைக்க இடமில்லாத கூட்டம். “காலையிலிருந்து கேட் கத்திக்கொண்டே இருக்கிறது, அணைத்துவிடட்டுமா?” என்று முதலாளி போனில் கேட்டார். போய்ப் பார்த்தேன். விழாவுக்காகப் புதுப் புடவை உடுத்திய பொம்மையை, டேக்கோடு, கேட்டிலிருந்து ஓரடி தூரத்தில் நிறுத்தியிருந்தார்கள். பொம்மையைத் தள்ளி வைத்ததும் கேட் அமைதியானது. இன்னொரு கடையில் புதிதாக மாட்டிய எல்.இ.டி. பெயர்ப் பலகையின் மின்கருவிதான் காரணம். மால்களில் பக்கத்துக் கடையிலும் ஏ.எம். கேட் இருந்தால் இரண்டின் துடிப்புகளையும் ஒன்றோடொன்று ஒத்திசைக்க வேண்டும்; இல்லையென்றால் ஒன்று மற்றதைக் குழப்பும். கவுன்ட்டரில் ஸ்டிக்கரைச் செயலிழக்கச் செய்யும் பலகைக்கு மேல் பில் போடுபவர் இரண்டு பெட்டிகளை அடுக்கித் தேய்த்தால் மேலே உள்ளது உயிரோடு வெளியே போகும். இரும்பு மேசைக்குள் அந்தப் பலகையைப் பதித்தால் அதன் பலம் பாதியிலேயே நின்றுவிடும்.

இவை எல்லாம் ஒரு நாள் வேலையில் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்யாமல் விட்டால், ஒரு மாதத்தில் ஊழியர்களின் காது அந்த ஒலிக்குப் பழகிவிடும். பழகிய காதை மீட்பது கேட்டைப் பழுதுபார்ப்பதைவிடக் கடினம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆஷாடத் தள்ளுபடி நாளில் ஒரு கடையில் நான் வேலையாக இருந்தபோது நடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண் ஒருவர், பத்து வயது மகளோடு, பில் கொடுத்துவிட்டுப் பையோடு வெளியேறினார். கேட் கத்தியது. காவலாளி பையைப் பிடித்து இழுத்தார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “பில் இருக்கிறது, பாருங்கள், பில் இருக்கிறது” என்று அவர் தமிழில் சொன்னார், பிறகு கன்னடத்தில் சொன்னார். பையிலிருந்ததை எல்லாம் தரையில் எடுத்து வைக்கச் சொன்னார்கள். குழந்தையின் பாவாடையில் ஒரு டேக் இருந்தது. பில்லில் அந்தப் பாவாடையும் இருந்தது. கவுன்ட்டரில் கழற்ற மறந்திருந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. டேக்கைக் கழற்றிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சிறுமி அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி அழுதுகொண்டே போனாள். தினமும் எத்தனையோ துணிகளைத் தைத்துக் கடைகளுக்கு அனுப்பும் கைகள் அந்தப் பெண்ணுடையவை.

அன்று முதல், காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுக்காமல் எந்த கேட்டையும் ஒப்படைப்பதில்லை. பயிற்சியின் சாரம் ஒரு வாக்கியம்: “அம்மா, எங்கள் ஆள் டேக் எடுக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது, ஒரு நிமிடம் கவுன்ட்டருக்கு வருகிறீர்களா?” பையைத் தொடக் கூடாது, கையைத் தொடவே கூடாது. ஓரமாக அழைத்துப் போய், பில்லைப் பார்த்து, டேக்கைக் கழற்றி, மன்னிப்புக் கேட்டு அனுப்ப வேண்டும். உண்மையிலேயே பில் போடாத பொருளாக இருந்தாலும் பெரும்பாலானவர்கள் இந்தப் பேச்சுக்கே “மறந்துவிட்டேன்” என்று பணத்தைக் கட்டிவிடுவார்கள். கடைக்கு வேண்டியதும் அதுதானே?

சட்டமும் இதையே எதிர்பார்க்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல்முறை தண்டனை பெறுபவராகவும் இருந்து, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. ஒருவரைத் தனிமனிதர் பிடித்துவைக்கும் உரிமை மிகக் குறுகியது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவின்படி, ஜாமீனில் விட முடியாத, பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றத்தைக் கண்ணெதிரே செய்பவர், அல்லது நீதிமன்றம் தேடப்படுபவர் என்று அறிவித்தவர் என்றால் மட்டுமே அது பொருந்தும். அப்போதும் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். கேட் கத்தியதை வைத்துக் கண்ணால் கண்ட குற்றம் என்று சொல்லிவிட முடியாது. வலுக்கட்டாயமாக வழிமறித்தால் கடைக்காரர்மேலேயே வழக்கு வரலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் கேமரா பதிவைப் பத்திரப்படுத்துங்கள், போலீசை அழையுங்கள். அறைக்குள் பூட்டி வைப்பது, படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது இரண்டும் கூடவே கூடாது.

திட்டமிட்டு வருபவர்கள் வேறு ரகம். உள்ளே அலுமினியத் தாள் வைத்துத் தைத்த பையோடு வருவார்கள்; டேக்கின் அலை வெளியே வராது. அத்தகைய பையையே கண்டறியும் வசதியுள்ள கேட்டுகள் இருக்கின்றன. டேக்கைத் திறக்கும் காந்தத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு டிரையல் ரூம்தான் பட்டறை. அதனால் எத்தனை உருப்படி உள்ளே போகிறது என்று எண்ணி அனுப்புங்கள். நாளின் முடிவில் கண்ணாடிக்குப் பின்னாலும் இருக்கைக்கு அடியிலும் கையை விட்டுத் தேடினால், கழற்றிப் போட்ட டேக்குகளே அன்று என்ன போனது என்று சொல்லும். தரையில் விழுந்த ஊசிகளையும் பொறுக்குங்கள். குழந்தைகள் வெறுங்காலோடு நிற்கும் இடம் அது.

டேக்கைக் கழற்றும் கருவியான டிடாச்சரைக் கவுன்ட்டரோடு கம்பியால் கட்டிவைக்க வேண்டும், இரவில் பூட்ட வேண்டும். பின்வாசல் வழியாகப் போகும் சரக்கையும், தெரிந்தவருக்குப் பில் போடாமல் கட்டிக் கொடுக்கும் சரக்கையும் எந்த டேக்கும் நிறுத்தாது. இருப்பைத் தவறாமல் எண்ணிப் பார்ப்பதுதான் அதற்கு வழி. அதற்காக ஊழியர்கள் எல்லோரையும் சந்தேகத்தோடு சோதனை போடாதீர்கள். சம்பளத்தை நாள் தவறாமல் கொடுங்கள்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கேட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். இயல்பான வேகத்தில் கடந்து போகலாம். அதன்மேல் சாய்ந்துகொண்டோ அருகிலேயே நின்றோ பேச வேண்டாம். கடைக்காரர்கள் கேட் பக்கத்தில் நாற்காலி போடாமல் இருப்பது நல்லது.

அந்தப் பாவாடை விவகாரம் நடந்த கடையில் இப்போது கேட் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. ஒவ்வொரு அலறலையும் நேரத்தோடு எழுத வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன். முதலாளி முதல் பக்கத்தில் கோடு போட்டு, ‘நேரம்’, ‘பொருள்’, ‘பிடிபட்டவர்’ என்று தலைப்பு எழுதிக் காட்டினார். மூன்றாவது தலைப்பை மாற்றச் சொன்னேன். சற்று யோசித்தார். பிறகு அதை அடித்துவிட்டு ‘காரணம்’ என்று எழுதினார். போன மாதம் பராமரிப்புக்குப் போனபோது அந்தக் கட்டத்தைப் படித்துப் பார்த்தேன். வரிக்கு வரி, பில் போடும் பெண்ணின் கையெழுத்தில், ‘நாங்கள் எடுக்க மறந்தது’ என்றே இருந்தது.