தீங்கற்ற கட்டியா, புற்றல்லாக் கட்டியா?

மாட்டுத்தாவணியில் கையில் திணித்த பல் மருத்துவ முகாம் நோட்டீஸிலும் அதே சொல்தான்: 'தீங்கற்ற தாடைக் கட்டி'. பெனைன் (benign) என்ற ஆங்கில மருத்துவச் சொல்லுக்கு யார் முதலில் இப்படி எழுதினாரோ, எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டுவிட்டார்கள்.

மூலம் லத்தீன் 'பெனிக்னுஸ்', நல்ல குணமுள்ளது. 'மலிக்னுஸ்' அதன் எதிர்ப்பதம். அவ்வளவுதான். மருத்துவர் பெனைன் என்றால் புற்றுநோய் இல்லை என்கிறார். தீங்கே செய்யாது என்று அவர் எங்கே சொன்னார்?

அமலோபிளாஸ்டோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லின் எனாமலை உண்டாக்கும் திசு வகையில் பிறக்கும் கட்டி. பெரும்பாலும் கீழ்த்தாடையில், கடைவாய்ப் பக்கம் வரும். வலிகூட இல்லாமல் மெல்ல வளர்ந்து எலும்பை அரிக்கும். பட்டியலில் பெனைன்தான். ஆனால் எலும்பின் இடுக்குகளில் புகுந்து கிடப்பதால், சுரண்டி எடுத்தால் தூர் விட்டு வெட்டிய சீமைக்கருவேலம் மாதிரி மறுபடி கிளம்பும், பத்து வருஷம் கழித்தும்கூட. அதனால்தான் சுற்றிலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்தே வெட்டுகிறார்கள். பாதித் தாடையைக் கொடுத்தவரிடம் போய்த் 'தீங்கற்றது' என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, 'பரவாக் கட்டி' என்போம் என்கிறார்கள் சில தனித்தமிழ் நண்பர்கள். காதுக்கு இனிமைதான், நிற்காது. அரிதாக இதே கட்டி, பெரும்பாலும் பலமுறை அறுவை நடந்த பிறகு, நுரையீரலில் போய் முளைக்கிறது. அங்கிருந்து எடுத்த துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தாடையில் இருந்த அதே சாதுவான செல்கள்! உலக சுகாதார நிறுவனமே 2005இல் இப்படிப் பரவும் வகையைப் புற்றுப் பக்கம் வைத்து, 2017இல் பெனைன் பக்கம் மாற்றியது. பரவியும் பெனைன். பரவாக் கட்டி என்ன ஆயிற்று?

ஆகவே 'புற்றல்லாக் கட்டி' என்பதே என் கட்சி. எதிர்மறைச் சொல் என்று குறை சொல்வார்கள். 'தீங்கற்ற' மட்டும் உடன்பாடா? உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர் கேட்பதும் "கேன்சரா டாக்டர், இல்லையா?" என்பதைத்தான். அதற்கு மட்டும் பதில் சொல்கிற சொல் இது. வார்டில் புழங்கும் 'சாதாக் கட்டி'யும் ஆபத்துதான். சாதா என்று கேட்டவர் அடுத்த செக்கப்புக்கு ஏன் வரப்போகிறார்?

அப்புறம் இந்த 'மறுநிகழ்வு'. எடுத்த கட்டி திரும்ப வருவதை டாக்டர்கள் ரிக்கரன்ஸ் என்பார்கள்; அதற்கு மொழிபெயர்ப்பாளர்கள் கண்டுபிடித்தது. நிகழ்வு என்றால் தமுக்கம் மைதானத்தில் நடப்பது. 'கட்டி திரும்ப வரலாம், வருஷக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்' என்று எழுத என்ன கூச்சம்?