தன் பெயரைத் தானே வைக்க முடியாதவர் வைத்த பெயர்: ஆடி (Audi)

டிரேட்மார்க் (வணிகக்குறி) வேலையாக என்னிடம் வருகிறவர்களில் பலர் தங்கள் சொந்தப் பெயரையே தொழிலுக்கு வைத்திருப்பார்கள். கூட்டாளிகளோடு மனஸ்தாபம் வந்து பிரியும்போது கேட்பார்கள்: "அது என் பெயர் சார், நானே அதை வைக்கக் கூடாதென்று எப்படிச் சொல்வார்கள்?"

சொல்வார்கள். ஆடி கார் கம்பெனியைத் தொடங்கிய ஜெர்மானியர் ஆகுஸ்ட் ஹோர்ஷுக்கு அதுதான் நடந்தது.

ஜெர்மனியின் மன்ஹைமில் கார் முன்னோடி கார்ல் பென்ஸிடம் வேலை பார்த்த பொறியாளர் அவர். 1899-இல் கொலோன் நகரில் தன் பெயரில் கார் கம்பெனி தொடங்கினார். பின்னர் அது ஸ்விக்காவ் நகருக்கு இடம் மாறியது. நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் 1909-இல் வெளியேறியவர், அதே ஊரில் மறுபடியும் தன் பெயரிலேயே இன்னொரு கம்பெனி ஆரம்பித்தார். பழைய கம்பெனி வழக்குப் போட்டது. பெயருக்குச் சொந்தக்காரரே தோற்றார்.

வேறு பெயர் தேடி நண்பர் ஃபிகென்ட்ஷர் வீட்டில் கூடினார்கள். அறையில் லத்தீன் படித்துக்கொண்டிருந்த அவர் மகன்தான் வழி சொன்னான். ஜெர்மனில் 'ஹோர்ஷ்' என்றால் 'உற்றுக் கேள்'. அதையே லத்தீனில் 'ஆடி' என்று வைத்தால் என்ன? 1910-இல் கம்பெனி அந்தப் பெயருக்கு மாறியது. எனக்கு மிகவும் பிடித்த பெயர் மாற்றம் இது. சட்டத்தை மீறாமல் தன் பெயரின் பொருளை அவர் காப்பாற்றிக்கொண்டார். 1932-இல் ஆடி, ஹோர்ஷ், டிகேடபிள்யூ, வான்டரர் ஆகிய நான்கு கம்பெனிகளும் ஆட்டோ யூனியன் என்ற ஒரே கம்பெனியாக ஒன்றுசேர்ந்தன. ஆடி கார் சின்னத்தின் நான்கு வளையங்கள் குறிப்பது இந்த நான்கையும்தான்; அவற்றில் இரண்டு கம்பெனிகள் அவர் தொடங்கியவை.

சரி, நம் நாட்டில்? 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு, ஒருவர் தன் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவதைப் பாதுகாக்கிறது. ஆனால், வணிகக்குறியைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே தொழிலை அதே பெயரில் பக்கத்துத் தெருவில் தொடங்கினால், அந்த 'நேர்மை'யை நிரூபிப்பது கஷ்டம்.

அதனால் டிரேட்மார்க் விண்ணப்பத்தில் உரிமையாளர் என்று யார் பெயர் போகிறது என்று பாருங்கள். உங்கள் பெயரில் பதிந்துகொண்டு, கம்பெனிக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டும் எழுதிக் கொடுக்கலாம். கம்பெனி பெயரில் ஏற்கெனவே பதிவாகிவிட்டதா? அப்படியானால் பிரியும்போது போடும் பத்திரத்தில், எந்த ஊரில், எந்தப் பொருளுக்கு, எந்த வடிவில் நீங்கள் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று தெளிவாக எழுதி வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.