முகாமையாளராலும் திறக்க முடியாத கதவு

திருகோணமலை வாசகி ஒருவர், வெள்ளிக்கிழமை மாலை வங்கி மூடிய பிறகு, அடகிலிருந்த தாலிக்கொடியை மறுநாள் கலியாணத்துக்காக மீட்க முயன்றிருக்கிறார். அங்கு பணிபுரியும் உறவினரோ, "முகாமையாளரே வந்தாலும் திங்கள் காலை வரை காப்பறையைத் திறக்க ஏலாது" என்று சொல்லிவிட்டாராம். திறப்பு அவர்களிடம்தானே இருக்கிறது, பிறகு ஏன் முடியாது என்பது வாசகியின் கேள்வி.

உறவினர் சொன்னது உண்மையாக இருக்க முழு வாய்ப்புண்டு. விதைப்புக் காலத்தில் வயற்காரரும், கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மீனவக் குடும்பங்களும் நகைகளை அடகு வைக்கும் ஊர் இது. பற்றுச்சீட்டு இலக்கமிட்ட சிறு பொதிகளாகச் சேரும் அந்தப் பவுண்களைக் காக்கும் உருக்குக் கதவின் தாழ்களைச் சக்கரமொன்று இயக்குகிறது. அச்சக்கரத்தை இருவரிடம் பிரித்துக் கொடுக்கப்பட்ட திறப்புகளோ இரகசிய இலக்கங்களோ கட்டுப்படுத்துகின்றன. ஆனால் அந்த இருவரையும் கத்திமுனையில் அழைத்துவந்தால் இக்காவல் பயனற்றுப் போகும். அமெரிக்காவில் கொள்ளையர் இரவில் வங்கியாளரின் வீடு புகுந்து அவ்வாறே செய்துவந்தபோது, ரொச்செஸ்டர் நகரின் பூட்டுக் கலைஞர் ஜேம்ஸ் சார்ஜன்ட் 1873 இல் நேரப்பூட்டை உருவாக்கினார்.

இந்தப் பூட்டு கதவின் உட்புறத்தில் இருக்கிறது. வெளியே அதற்குத் துளையுமில்லை, இலக்கத்தட்டுமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று சிறு கடிகார இயந்திரங்கள் அருகருகே அமர்ந்திருக்கும். அவற்றின் முகத்தில் பகல் இரவு மணி கிடையாது. இன்னும் எத்தனை மணித்தியாலம் மீதம் என்பது மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும். வெள்ளி மாலை 5 மணிக்கு மூடித் திங்கள் காலை 8 மணிக்குத் திறக்க வேண்டுமானால், உத்தியோகத்தர் மூன்றையும் 63 வரை முறுக்கிவிட்டுக் கதவைச் சாத்துவார். திங்கள் போயா விடுமுறையானால் 87 மணித்தியாலம். 72 வரை மட்டுமே ஓடும் இயந்திரம் அதற்குப் போதாது. கணக்குத் தவறி அதிகமாக முறுக்கிவிட்டால் மறுநாள் கிளை முழுவதும் கதவின் முன் காத்திருக்க வேண்டியதுதான் என்பதால், இருவர் சேர்ந்து எண்ணிப் பார்ப்பது அவசியம்.

சுருள்வில் தளரத் தளர முகத்தட்டு பூச்சியத்தை நோக்கித் திரும்புகிறது. அங்கே வந்து சேரும்போது, தட்டிலிருக்கும் சிறு முளை ஒரு நெம்புகோலைத் தள்ள, தாழ்களை மறித்து நின்ற சட்டம் விலகுகிறது. கதவு அப்போதும் தானாகத் திறப்பதில்லை. திறப்புகளும் இலக்கங்களும் அதன்பின்னரே பலிக்கும்.

என்னை மிகவும் கவர்வது அந்த மூன்று என்ற எண்ணிக்கைதான். மூன்றும் பூச்சியத்தை அடைய வேண்டியதில்லை. எந்த ஒன்று அடைந்தாலும் சட்டம் விலகும். ஓர் இயந்திரம் இடைவழியில் நின்றுவிட ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு உண்டென்று வைத்துக்கொண்டால், மூன்றும் சேர்ந்து நிற்கும் வாய்ப்பு நூறு கோடியில் ஒன்று. இக்கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: ஒன்றின் பழுது மற்றதைச் சாரக் கூடாது. மூன்றுக்கும் ஒரே நாளில் ஒரே குப்பி எண்ணெயை இட்டு, அந்த எண்ணெய் தடித்துப்போனால் மூன்றும் சேர்ந்தே நிற்கும். ஆகவே அவற்றை வெவ்வேறு காலங்களில் பராமரிப்பதே அறிவுடைமை என்பேன். ஒன்று வேகமாக ஓடினால் சட்டம் முந்தி விலகிவிடுமே என்று கேட்கலாம். விலகும், ஆனால் இருவர் காவல் அப்போதும் மிஞ்சியிருக்கும். நிரந்தரமாகப் பூட்டிக்கொள்வதைவிடச் சற்று முந்தித் தளர்வது மேல் என்று தெரிந்தே எடுத்த முடிவு இது.

இன்று மின்னணு நேரப்பூட்டுகள் வந்துவிட்டபோதும் அடிப்படை மாறவில்லை. திங்களன்று 7.30 முதல் 9 வரை ராகு காலம் என்பதால் திறக்கும் நேரத்தைத் தள்ளிக் குறிக்கலாமே என்று எவரேனும் கேட்டால், கூடாது என்றே சொல்வேன். அவரவர் வழிபாட்டை மதிக்கிறேன். ஆயினும் பலருடைய நகைக்குப் பொறுப்பான பூட்டின் நேரத்தை வங்கியின் வேலைநேரமே தீர்மானிக்க வேண்டும்.

வாசகிக்கு ஒரு வார்த்தை: வார இறுதியில் கலியாணமென்றால், வெள்ளிக்கிழமை பொன்னை வெளியே எடுக்கக் கூடாதென்று காத்திராமல், வியாழனோ வெள்ளி முற்பகலோ பற்றுச்சீட்டோடு சென்று மீட்டுவிடுங்கள். கதவு சாத்தப்பட்ட பிறகு உங்களுக்கு உதவ மனமிருப்பவருக்கும் அதைத் திறக்க வழியில்லை.