அங்கீகாரமா, சான்றுறுதியா?

கடவுச்சொல்லோடு இன்னொரு வகைச் சான்றையும் கேட்கும் ‘டூ ஃபேக்டர் ஆத்தென்டிகேஷன்’ முறையைத் தமிழில் சொல்லும் ‘இரு காரணி அங்கீகாரத்தை இயக்கவும்’ என்ற வரி, கணக்குப் பாதுகாப்பு பற்றிய தமிழ்ப் பக்கங்களில் நிலைபெற்றுவிட்டது. இதில் ‘இரு’, ‘இயக்கவும்’ ஆகியவற்றைத் தவிர மற்ற இரண்டு சொற்களுமே பிழையானவை. இவற்றுள் ‘அங்கீகாரம்’ செய்யும் கேடு பெரிது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மூலச்சொல்லான ஆத்தென்டிகேஷன் கிரேக்க வழியில் வந்தது. ‘தன் செயலுக்குத் தானே உரியவன்’ என்ற பொருளுடைய ஆத்தென்டெஸ் என்ற சொல்லிலிருந்து ‘உண்மையானது, போலியல்லாதது’ என்ற பொருள் கிளைத்தது. அதனோடு ஒலியில் மயங்கும் ஆத்தரைசேஷன், ‘ஆக்கியோன்’ என்று பொருள்படும் ஔக்டோர் என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. பிறப்பிலேயே வேறான இவ்விரண்டுக்கும் வேலையும் வேறு. வந்திருப்பவர் கணக்குக்கு உரியவர்தானா என்று ஆராய்வது முன்னது. உரியவர் என்று தெரிந்தபின் அவர் எதையெல்லாம் பார்க்கலாம், எதையெல்லாம் மாற்றலாம் என்று வரையறுப்பது பின்னது.

அங்கீகாரம் என்ற வடசொல்லுக்குத் தன் அங்கமாக்கிக்கொள்ளுதல், அதாவது ஏற்றுக்கொள்ளுதல் என்பது பொருள். பள்ளிக்கு அங்கீகாரம் தருகிறார்கள். கலைஞரின் உழைப்புக்கு அங்கீகாரம் கிடைக்கிறது. இரண்டிலும் மேலிருக்கும் ஒருவர் மதித்து ஏற்கிறார். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் சேவையகம் யாரையும் மதிப்பதுமில்லை, ஏற்பதுமில்லை. கொடுத்த சான்று பதிவோடு பொருந்துகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. வடசொல் என்பதற்காக இதை நான் மறுக்கவில்லை. ஆத்தரைசேஷனுக்கு ‘அனுமதி’ என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமே இல்லை, அதுவும் வடசொல்தான். மறுப்பதற்குக் காரணம் பொருள் மயக்கம்.

அந்த மயக்கம் ஏட்டளவில் நிற்பதில்லை. உள்நுழைய முயன்றவருக்கு ‘அங்கீகாரம் தோல்வியடைந்தது’ என்று ஒரு செய்தி வருகிறது; உள்ளே நுழைந்தபின் ஒரு கோப்பைத் திறக்க முயன்றால் ‘உங்களுக்கு அங்கீகாரம் இல்லை’ என்று இன்னொரு செய்தி வருகிறது. முதலாவதற்குத் தீர்வு கடவுச்சொல்லை மீண்டும் சரியாக இடுவது. இரண்டாவதற்குத் தீர்வு நிர்வாகியிடம் அனுமதி கேட்பது. கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் கோப்பு திறக்காது என்பதைப் பயனர் எப்படி அறிவார்? இரண்டு வரிகளையும் ஒருவரே மொழிபெயர்த்திருந்தாலும், அவர் கையில் இருந்தது திரை இல்லை, சொற்பட்டியல் மட்டுமே. அந்த நிலையில் இடறுவது இயல்பு என்றாலும், இடறியதைச் சுட்டியபின்னும் ‘பழகிவிட்டது, விடுங்கள்’ என்று சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் உண்டே என்று ஒரு வாதம் வைக்கப்படுகிறது. உண்மைதான். இணைய நெறிமுறையான எச்டிடிபியில், சேவையகம் பதிலாக அனுப்பும் 401 என்ற நிலைக்குறியீட்டின் பெயர் ‘அன்ஆத்தரைஸ்டு’. ஆனால் அந்நெறிமுறையை வரையறுத்து 2022இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 9110 என்ற ஆவணம், தகுந்த ஆத்தென்டிகேஷன் சான்று இல்லாத நிலையென்றே அதை விளக்குகிறது. அனுமதி மறுப்பைப் பெரும்பாலும் தெரிவிப்பது 403 என்ற வேறொரு குறியீடு. ‘அன்ஆத்தரைஸ்டு’ பின்னாளில் திருத்த முடியாமல் போன பழைய பெயர். அதே துறையினர் 2012இல் ஓஆத் 2.0 நெறிமுறையை அனுமதிக்கென்றே வகுத்து, பயனர் யார் என்று உறுதிசெய்ய அதன்மேல் ஓப்பன்ஐடி கனெக்ட் என்ற அடுக்கைத் தனியே அமைத்தார்கள். ஆக, பிரித்துக் காட்டும் தேவையை அவர்கள் உணர்ந்தே இருக்கிறார்கள். அவர்களுடைய பழைய பிழை நம்முடைய புதிய பிழைக்குச் சாக்காகாது.

பொதுவிவாதத்தில் இந்தச் சொல் இன்னும் மோசமாக வேலை செய்கிறது. வெறுப்புப் பேச்சு பெருகும்போதெல்லாம் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்கள் மட்டுமே எழுத வேண்டும்’ என்று சிலர் கோருகிறார்கள். அங்கீகரிக்கப்பட்டவர் என்றால் யார்: தம் கணக்கில் முறையாக நுழைந்தவரா, உண்மைப் பெயரை வெளியிட்டவரா, பேசத் தகுதியானவர் என்று யாரோ ஒருவரிடம் ஒப்புதல் பெற்றவரா? புனைபெயரில் எழுதுபவரும் ஒவ்வொரு முறையும் தம் கணக்குக்கு உரியவர் என்று நிறுவித்தான் நுழைகிறார். அதற்கு அவருடைய பிறப்புப் பெயர் தேவையே இல்லை. இம்மூன்றையும் ஒரே சொல்லில் திணித்துவிட்டு, பெயர் மறைத்து எழுதும் உரிமையைப் பற்றி வாதிடுபவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை என்பதுதான் நடப்பு.

இதனாலேயே, பலர் பரிந்துரைக்கும் ‘அடையாள உறுதி’யும் எனக்கு உவப்பாக இல்லை. அடையாளம் என்றதும் அட்டையும் பெயரும் முகமும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘சரிபார்ப்பு’ நல்ல சொல். ஆனால் அது வெரிஃபிகேஷனுக்கு ஏற்கெனவே உரியது. ‘இருபடிச் சரிபார்ப்பு’ என்பதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு: கணிதம் படித்தவருக்கு இருபடி என்றால் சமன்பாடுதான். அதைவிட, படிகளை எண்ணுவது பாதுகாப்பின் கருத்தையே தவறவிடுகிறது.

‘காரணி’யின் பிழையும் இங்கேதான் வெளிப்படுகிறது. இந்த இடத்தில் ஃபேக்டர் என்பது விளைவை உண்டாக்கும் காரணமோ எண்ணை வகுக்கும் காரணியோ ஆகாது. அது சான்றின் வகை. நாம் அறிந்தது, நம்மிடம் இருப்பது, நம் உடலோடு சேர்ந்தது என அவை மூன்று. கடவுச்சொல்லை இட்டபின் ‘உங்கள் முதல் ஆசிரியர் பெயர் என்ன’ என்ற கேள்விக்கு விடையளித்தால், படி இரண்டானாலும் வகை ஒன்றே. இரண்டும் அறிந்தவை, இரண்டையும் ஒருவர் ஏமாற்றிக் கேட்டு வாங்கிவிட முடியும். கடவுச்சொல்லோடு கைப்பேசிச் செயலி முப்பது நொடிக்கு ஒருமுறை மாற்றித் தரும் எண்ணையும் கேட்டால்தான் வகை இரண்டாகிறது.

ஆகவே ஆத்தென்டிகேஷனுக்குச் ‘சான்றுறுதி’ என்பதையும், மேற்கண்ட முறைக்கு ‘இருவகைச் சான்றுறுதி’ என்பதையும் முன்வைக்கிறேன். ஆவணங்களில் அலுவலர் இடும் கையெழுத்துக்குச் ‘சான்றொப்பம்’ என்ற சொல் தனியே வழக்கில் இருப்பதால் மோதல் வராது. வினையாக்கவும் இது வளைந்து கொடுக்கிறது: சான்றுறுதி செய்க, சான்றுறுதி செய்த பயனர், சான்றுறுதி தவறியது. ‘அனுமதி இல்லை’ என்ற வரியோடு இதை யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.