சிவப்பு ஃபெராரியைக் கழுவுவது எப்படி?

பளபளவென்று வைத்திருப்பதாகச் சொல்லப்படும் ஒரு கறுப்புக் காரையோ அடர் சிவப்புக் காரையோ உச்சி வெயிலில் நிறுத்தி, பானெட்டில் சூரியன் தெரிகிற இடத்தை உற்றுப் பாருங்கள். அந்த ஒளிப்புள்ளியைச் சுற்றி மெல்லிய கோடுகள் வட்ட வட்டமாகத் தெரியும். துணியை வட்டமாகச் சுழற்றித் துடைத்ததால் வந்த கீறல்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். இப்போது தலையைச் சற்று நகர்த்திப் பாருங்கள். வட்டங்களும் கூடவே நகரும். கீறல் எப்படி நகரும்?

அங்கே கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு கீறலும் தன் நீளத்துக்குக் குறுக்கான திசையில்தான் ஒளியைச் சிதறடிக்கும். அதனால் ஒளிப்புள்ளியை நோக்கி ஓடுகிற கீறல்கள் நம் கண்ணுக்கு எதையும் அனுப்புவதில்லை. புள்ளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுகின்றன. மின்னுவதை மட்டும் பார்க்கிற கண், அவற்றைச் சேர்த்து வட்டமாக்கிவிடுகிறது. காரை நுணுக்கமாகக் கழுவி மெருகேற்றித் தரும் டீட்டெய்லிங் கடைகளில் ‘ஸ்விர்ல் மார்க்’ என்று சொல்வது இதைத்தான். செல்போன் டார்ச்சை அடித்தால் வீட்டு போர்ட்டிகோவிலேயே பார்க்கலாம்.

இவற்றில் பெரும்பாலானவை ஓட்டும்போது விழுந்தவை அல்ல, துடைக்கும்போது விழுந்தவை. தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டுகிற பழக்கம் ஒன்றே போதும். தூசியில் குவார்ட்ஸ் மணல் கணிசமாக இருக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7. சாதாரணக் கண்ணாடி 5.5 அளவில் நிற்கிறது. காரின் மேல்பூச்சு கண்ணாடிகூட இல்லை, அது ஒரு வகை பிளாஸ்டிக். துணிக்கும் அதற்கும் நடுவே ஒரு மணல் துகள் மாட்டினால், கை கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கு அந்தத் துகளின் ஒரே முனையில் இறங்குகிறது. துணி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அந்த முனைக்கு அது தெரியாது.

அந்த மேல்பூச்சு எவ்வளவு தடிமன் என்று தெரிந்தால் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். தொழிற்சாலையில் வெற்று உடலை முதலில் பாஸ்பேட் குளியலில் முக்குகிறார்கள். அப்புறம் மின்சாரம் பாய்ச்சித் துருத்தடுப்புப் பூச்சைப் படியவைக்கிறார்கள். அதன்மேல் பிரைமர், பிரைமர் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். அத்தனையும் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நிறம் வெறும் 15 மைக்ரான் அளவு. வெயிலையும் மழையையும் துணியையும் தாங்க வேண்டிய கிளியர் கோட் 40 முதல் 50 மைக்ரான்.

கிளியர் கோட் வெறும் வார்னிஷ் இல்லை. புற ஊதாக் கதிரை விழுங்கும் மூலக்கூறுகள் அதில் கலந்திருக்கின்றன. வெயிலில் ரசாயனப் பிணைப்புகள் உடைந்து பிறக்கும் துடுக்கான துண்டுகளை அடக்கும் அமீன் சேர்மங்களும் உண்டு. கீழே இருக்கும் நிறம் வெளிறாமல் இருப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1980-கள் வரை பல கார்களில் சிவப்பு, வெள்ளை போன்ற தனி நிறங்களுக்கு மேல் கிளியர் கோட்டே கிடையாது. அந்தக் காலத்துச் சிவப்புக் காரை பாலிஷ் போட்டால் துணியெல்லாம் சிவக்கும். சில வருட வெயிலில் சிவப்பு வெளிறி ரோஸ் ஆவதும், தொட்டால் சாக்பீஸ் மாதிரி தூள் ஒட்டுவதும் அப்போது சகஜம்.

சிவப்பைக் காப்பாற்றியதில் கிளியர் கோட்டுக்கு இணையான ஒரு பங்காளியும் உண்டு. 1974-இல் அமெரிக்க வேதியியலாளர் டொனால்ட் ஃபார்னம் வேறொரு சேர்மத்தைத் தயாரிக்க முயன்றார். அது வரவில்லை. பதிலாக, எதிலும் லேசில் கரையாத ஒரு சிவப்புப் பொருள் கொஞ்சமாகக் கிடைத்தது. பல வருடம் அது ஆய்விதழிலேயே கிடந்தது. பிறகு சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவனம் அந்த மூலக்கூறுக் குடும்பத்தைக் கையிலெடுத்து, தொழிற்சாலையில் தயாரிக்கிற வழியைக் கண்டுபிடித்து, 1986-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. டைகீட்டோபிரோலோபிரோல் என்பது வாயில் நுழையாத அதன் பெயர். டி.பி.பி. என்றே சொல்வோம். இந்தக் குடும்பத்தின் பிக்மென்ட் ரெட் 254-க்குத் தொழில் வட்டாரத்தில் ‘ஃபெராரி சிவப்பு’ என்றே பெயர்.

டி.பி.பி. சிறிய மூலக்கூறுதான். ஆனால் பக்கத்து மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொள்கிறது, தட்டையான வடிவத்தால் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி அடுக்கிக்கொள்கிறது. அந்த இறுக்கமான படிகத்தைக் கரைப்பானாலும் எளிதில் கலைக்க முடிவதில்லை, வெயிலாலும் முடிவதில்லை.

சரி, நிறம் பத்திரமாக இருக்கிறது. பிரச்சினை மேலே இருக்கும் அந்த 40 மைக்ரானில்தான். அதில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுப் போக்கிவிடலாம் என்பார்கள். பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டையே தேய்த்து இறக்குகிறது. பாலிஷ் பேஸ்ட்டில் இருப்பது பெரும்பாலும் அலுமினா, அதுவும் ஓர் உராய்பொருள்தான். அது புதிதாகக் கீறல் போடத்தான் செய்கிறது. அந்தக் கீறல்கள் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது 0.4 முதல் 0.7 மைக்ரானைவிட, நுண்ணியதாகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. பளபளப்பு என்று நாம் சொல்வது அந்த அளவு சமதளத்தைத்தான்.

லேசான பாலிஷ் ஒரு மைக்ரான் அளவுக்கு எடுக்கும். காம்பவுண்ட் என்கிற முரட்டு பேஸ்ட்டும் சுழலும் ரோட்டரி மெஷினுமாகச் சேர்ந்தால் சில மைக்ரான் போகும். புற ஊதாக் கதிரை முதலில் சந்திக்கிற மேல் அடுக்குதான் இப்படிக் கழிகிறது. வருடா வருடம் ‘ஃபுல் பாலிஷ்’ போட்டுக்கொடுக்கிறோம் என்று ஒரு கடை பெருமையாகச் சொன்னால், காரை நேசிப்பவர் பயப்பட வேண்டும் என்பது என் கருத்து. விவரமான ஆட்கள் மெஷினைத் தொடுவதற்கு முன் தடிமன் அளக்கும் கருவியை எடுப்பார்கள். பழைய கார் வாங்குபவர்கள் டிங்கரிங், பெயிண்டிங் நடந்திருக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கிறார்களே, அதே கருவிதான். 100 மைக்ரான் இருக்க வேண்டிய கதவில் 400 காட்டினால் உள்ளே பட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு நடுவில் ஒரு தந்திரமும் உண்டு. கிளியர் கோட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. கிட்டத்தட்ட அதே எண் உள்ள எண்ணெயோ பிசினோ கீறலில் இறங்கினால், ஒளிக்கு அங்கே ஒரு பள்ளம் இருப்பதே தெரியாது. கீறல் மறைந்துவிடும், நாலைந்து வாஷில் திரும்ப வந்துவிடும். ஈரமான கார் எப்போதும் புதுசு மாதிரி தெரிவதற்கும் பாதிக் காரணம் இதுதான். அதனால் கார் வாங்கப் போகிறவர்கள் காய்ந்த காரைத்தான் பார்க்க வேண்டும்.

ஆக, கீறல் விழாமல் கழுவுவதுதான் வழி. முதல் வேலை, தொடாமலே எவ்வளவு அழுக்கைக் கழற்ற முடியுமோ அவ்வளவையும் கழற்றுவது. நிழலில் நிறுத்தி, உடல் சூடு ஆறியபின் தண்ணீரை அடித்து, கெட்டி நுரையைப் போர்த்திச் சில நிமிடம் விடுகிறார்கள். சோப்பு மூலக்கூறின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்கு எண்ணெய் பிடிக்கும். மணலைப் பெயிண்டோடு ஒட்டவைத்திருக்கும் எண்ணெய்ப் பசையை அது பிரித்தெடுக்கும். கனமான துகள்கள் நுரையோடு சேர்ந்து தானாக வழிந்து இறங்கும். நுரை காய்வதற்குள் கழுவிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம்தான் கை படுகிறது. இரண்டு வாளி வைத்துக்கொள்கிறார்கள்: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறை ஒவ்வொரு முறையும் முதலில் வெறும் தண்ணீரில் அலசப்படும், பிறகுதான் ஷாம்பில் போகும். ஒரே வாளியில் எல்லாவற்றையும் செய்தால், கதவின் அடியிலிருந்து எடுத்த மணலை பானெட்டில் தேய்த்துக்கொண்டிருப்போம். கூரையில் தொடங்கிக் கீழே வருவதும் அதனால்தான். ஒர்க்‌ஷாப் பனியன் வேஸ்ட்டை இந்தப் பக்கமே விடக் கூடாது. மைக்ரோஃபைபர் நூலின் இழைகள் பிளவுபட்டவை. துகள் இழைகளுக்கு நடுவே உள்ளே போய்விடும். தட்டையான பருத்தித் துணியில் அது மேலேயே நின்று உரசும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கு அடுத்தது. பிரேக் பிடிக்கும்போது பறக்கும் சூடான இரும்புத் துகள்கள் பெயிண்டில் குத்திக்கொண்டு துருப்பிடிக்கும். கழுவிய வெள்ளைக் காரில் விரலை ஓட்டினால் சொரசொரவென்று படுவது பல சமயம் அதுதான். தயோகிளைகோலேட் உள்ள ஒரு திரவத்தைத் தெளித்தால் சில நிமிடத்தில் அது இரும்போடு சேர்ந்து ஊதாவாக மாறி, கதவு முழுக்கக் கோடு கோடாக வழியும். கூடவே சகிக்க முடியாத கந்தக நாற்றம். பியூட்டி பார்லரில் முடியைச் சுருட்டப் பயன்படுத்தும் ரசாயனமும் இதே குடும்பம்தான் என்பதால், சிலருக்கு அந்த வாசனை ஏற்கெனவே பழக்கமாக இருக்கும். இதற்கும் போகாத துகளைக் களிமண் போன்ற ஒரு பிசினால் உரசி எடுக்கிறார்கள். ‘க்ளே பார்’ என்பது அதன் பெயர், பிறந்தது ஜப்பானில்.

காக்கை எச்சத்துக்கு இவ்வளவு பொறுமை ஆகாது. அமிலம் அரிக்கிறது என்று மட்டும் சொல்வது பாதிக் கதை. ஈரானில் நடந்த ஆய்வுகளில் எச்சத்துக்குப் பதிலாகப் பான்கிரியாட்டின் என்ற செரிமான நொதிக் கலவையைப் பூசிப் பார்த்தார்கள். கிளியர் கோட்டில் அதேபோன்ற சேதம் வந்தது. பறவையின் வயிற்றில் வேலை செய்த நொதிகள் வெளியே வந்தும் வேலையை நிறுத்துவதில்லை, பெயிண்டின் எஸ்டர் பிணைப்புகளைத் தண்ணீரின் உதவியோடு வெட்டுகின்றன. சூடு கூடக்கூட வேகமும் கூடும். அதனால் பார்த்தவுடன் ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டு அப்படியே தூக்கி எடுக்க வேண்டும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டினால் கீறலும் சேர்ந்து கிடைக்கும்.

கடைசியில் தண்ணீரே ஒரு பிரச்சினை. உப்பு நிறைந்த போர் தண்ணீர் வெயிலில் காய்ந்தால், ஒவ்வொரு சொட்டும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளை ஒரு வளையமாக விட்டுப்போகும். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரைக் கார் கழுவப் பிடித்து வைப்பது சிக்கனம்தான், ஆனால் அதில் உப்பு இன்னும் அதிகம். சொட்டு, லென்ஸ் மாதிரி வெயிலைக் குவித்துப் பெயிண்டைச் சுட்டுவிடும் என்பது மட்டும் கட்டுக்கதை. சொட்டு உட்கார்ந்திருப்பது பெயிண்டின் மேலேயே. அதன் குவியம் பெயிண்டுக்குக் கீழே எங்கோ விழுகிறது.

கழுவியாயிற்று, மேலே என்ன பூசுவது? பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனைவகையின் இலையிலிருந்து வரும் கார்னௌபா மெழுகு, 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். அழகாக இருக்கும், சில வாரங்களில் போய்விடும். அதன் இடத்தை இப்போது பிடித்திருப்பது செராமிக் கோட்டிங். சிலாக்சேன், பாலிசிலசேன் போன்ற சிலிக்கன் சேர்மங்கள் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, சிலிக்கன், ஆக்சிஜன் கண்ணிகளால் ஆன ஒரு வலையாகப் பெயிண்டின் மேல் இறுகுகின்றன. தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான் இருந்தால் அதிகம்.

‘9எச் கடினம்’ என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது வைரத்துக்கு அடுத்த இடம் இல்லை. பென்சில் சோதனை அது. 9எச் பென்சிலை அழுத்தி இழுத்தாலும் கீறல் விழவில்லை என்றுதான் பொருள். மோஸ் அளவில் 9 என்பது குருந்தக்கல், அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. மணல் இந்தப் பூச்சையும் கீறும்.

தண்ணீர் ஒட்டாத குணம் நிஜம். ஆனால் ‘தாமரை இலை மாதிரி’ என்று சொல்வது மிகை. தாமரை இலையில் சொட்டு கிட்டத்தட்ட முழு உருண்டையாக நிற்கக் காரணம், மெழுகோடு சேர்ந்து மைக்ரான் அளவில் மேடுபள்ளங்கள் இருப்பது. அந்த மேடுபள்ளங்களே ஒளியைச் சிதறடிக்கும், அதனால்தான் தாமரை இலை மங்கலாகத் தெரிகிறது. கார் பளபளக்க வேண்டும் என்றால் அந்த வழி மூடியே இருக்கிறது.

கல் தெறிப்பைத் தாங்க இவை எதுவும் போதாது. அதற்கு 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியூரித்தேன் ஃபிலிம்தான். ஹெலிகாப்டர் விசிறிகளை மணலிலிருந்து காக்கப் பயன்பட்ட படலங்களின் வாரிசு இது. இதன் மேல்பூச்சு நெகிழ்வானது. லேசான கீறல் விழுந்தால் வெந்நீரையோ வெயிலையோ காட்டினாலே சங்கிலிகள் பழைய இடத்துக்குத் திரும்பி, கீறல் மூடிக்கொள்ளும்.

இந்த மைக்ரான் கணக்கு எங்கே உச்சம் என்றால், 1987 முதல் 1992 வரை தயாரான ஃபெராரி எஃப்40-இல். எடையைக் குறைப்பதற்காகக் கார்பன், கெவ்லர் இழைகளால் ஆன உடலில் பெயிண்டை அவ்வளவு மெல்லிசாக அடித்தார்கள். சாய்ந்த வெளிச்சத்தில் சிவப்புக்கு அடியில் இழைகளின் பின்னல் தெரியும். தடிமனாக மறுபெயிண்ட் அடித்தால் அந்தப் பின்னல் மறைந்துவிடும். அதனால் வாங்குபவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான். தடிமன் அளக்கும் வழக்கமான காந்தக் கருவிக்குக் கீழே உலோகம் வேண்டும், இந்த உடலில் அது ஒன்றும் காட்டாது. மீயொலிக் கருவியை வைத்து அளந்து பார்த்துவிட்டு, ஒரு கீறலை அப்படியே விட்டுவிடலாம் என்று முடிவு செய்கிற டீட்டெய்லர்தான் இந்தக் காருக்குச் சரியான ஆள்.